மகனுடன் ஐந்து லிட்டர்

போன வருடம் பிரான்சில், லில் நகரில் மகன் வீட்டில் மூன்று மாதம் இருந்தேன். ஒரு சனிக்கிழமை காலை, "அப்பா, வீட்லயே பீர் போடலாம்னு இருக்கேன். நீங்களும் கூட இருங்க" என்றான். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. கல்லூரியில் படிக்கும்போது பீர் வாடையோடு வந்தான் என்று அவனை இரவு முழுக்க வாசலில் நிறுத்தியவன் நான். அதற்குப் பிறகு எங்களுக்குள் பேச்சு தேவைக்கு மட்டும்தான்.

நம் ஊரில் உரிமம் இல்லாமல் காய்ச்சினால் கலால் துறை வந்து நிற்கும். அங்கே சொந்த உபயோகத்துக்குத் தடையில்லை.

அவனுக்கு எட்டு, ஒன்பது சதவீத பெல்ஜிய 'திரிப்பிள்' மேல் ஆசை. நான் கோப்பு பார்த்த பழக்கத்தில், அவன் வாங்கி வைத்திருந்த பிரெஞ்சுப் புத்தகத்தை அடிக்கோடிட்டுப் படித்தேன். கடுமையான பீரில் சர்க்கரை அதிகம், ஈஸ்ட் திணறும், பக்குவப்பட மாதங்கள் ஆகும். லாகர் என்றால் 10, 12 டிகிரியில் நொதிக்க வேண்டும், பிறகு வாரக்கணக்கில் குளிரில் கிடக்க வேண்டும். அதற்குத் தனி ஃபிரிட்ஜ் வேண்டும். ஏல் வகைக்கு 18 முதல் 20 டிகிரி, அதாவது கூடத்து மூலையே போதும். "முதல் முறை சாதாரண ஏல். ஐந்து லிட்டர் மட்டும். கெட்டாலும் நஷ்டம் கொஞ்சம்" என்று குறிப்பெழுதிக் கொடுத்தேன். சிரித்துக்கொண்டே ஒப்புக்கொண்டான்.

தானியத்தை ஊறவைக்கும் வேலையும் வேண்டாமென்று மால்ட் சாற்றுப் பொடி 600 கிராம் வாங்கினோம். 10 கிராம் ஹாப் பூ போட்டு ஒரு மணி நேரம் கொதிக்கவிட்டு, பாத்திரத்தைப் பனிக்கட்டித் தண்ணீரில் வைத்து ஆற்றி, ஈஸ்ட் தூவினோம். ஆறிய பிறகு படும் கரண்டி, குழாய், வாளி எல்லாவற்றையும் கிருமிநாசினியில் அலசியது என் பொறுப்பு. பாதி வெற்றி அதில்தான் இருக்கிறது. பள்ளியில் பிரெஞ்சில் படித்த பஸ்தேர் ஞாபகத்துக்கு வந்தார். பால் புளிப்பது நுண்ணுயிரால் என்று அவர் 1857இல் சொன்னது இதே லில் நகரில்தான். 1876இல் பீரைப் பற்றி ஒரு புத்தகமே எழுதினார்.

மறுநாள் காலை வாளிக்குள் நுரை பொங்கியிருந்தது. "அம்மா கரைச்சு வச்ச இட்லி மாவு மாதிரியே இருக்குப்பா" என்றான். அவள் போய் இரண்டு வருடம் ஆகிறது. இருவரும் கொஞ்ச நேரம் அங்கேயே நின்றோம்.

இரண்டு வாரம் கழித்து, பால்மானி போன்ற கண்ணாடிக் குழலை மிதக்கவிட்டு, இரண்டு மூன்று நாள் இடைவெளியில் இரு முறை அளந்தோம். அளவு மாறவில்லை என்றால் நொதித்தல் முடிந்தது என்று அர்த்தம். அவசரப்பட்டு அடைத்தாலோ, சர்க்கரை கூடினாலோ பாட்டில் வெடித்துவிடும். லிட்டருக்கு 6 கிராம் சர்க்கரை கலந்து, கனமான பீர் பாட்டில்களில் அடைத்தோம். இன்னும் இரண்டு வாரம் காத்திருந்தோம்.

திறந்த அன்று ஒரே ஒரு கிளாஸில் ஊற்றிவிட்டுத் தயங்கினான். இன்னொரு கிளாஸை நானே எடுத்து நீட்டினேன். கொஞ்சம் கலங்கல், அளவான கசப்பு. மோசமில்லை.

"அன்னிக்கு வாசல்ல ஒரே கொசுப்பா" என்றான் திடீரென்று.

"தெரியும்டா. நானும் உள்ளே தூங்கலை" என்றேன்.