உள்ளே ஆரஞ்சு!

ஜாக்கெட்னதும் சிரிக்காதீங்க பாஸ்! அம்மா டெய்லர்கிட்ட கொடுத்துட்டு, 'கை டைட்டா இருக்கு'ன்னு சண்டை போடுற ஜாக்கெட் இல்லை இது. வெளியே பச்சை, உள்ளே பளீர் ஆரஞ்சு, இடுப்புலயும் மணிக்கட்டுலயும் கவ்விப் பிடிக்கிற பின்னல் பட்டை... ஆங், அதேதான். பாம்பர் ஜாக்கெட்!

மேல்படிப்புக்கு இங்கிலாந்து போன முதல் குளிர்காலத்தில், ஒரு பழைய துணிக் கடையில் வாங்கினேன். குளிருக்காகன்னு சொன்னா பொய். கண்ணாடியில் பார்த்தா ஹீரோ மாதிரி இருந்தேன், அவ்ளோதான். போட்டோ எடுத்து வீட்டுக்கு அனுப்பினேன். அப்பாவுக்கு அவ்வளவு சந்தோஷம்.

போட்டோவில் தெரியாத விஷயம் வேற. ரெண்டு பேப்பர் அவுட். பார்ட் டைம் வேலையும் போயிருச்சு. சாயங்காலம் நாலு மணிக்கே இருட்டுற ஊர்ல, ரூமைப் பூட்டிட்டு நாள்கணக்கா யார்கிட்டயும் பேசாம கிடந்தேன். வீட்ல கேட்டா, 'எல்லாம் சூப்பர்ப்பா!'

ஒரு ராத்திரி தூக்கம் வராம, அந்த ஜாக்கெட்டோட பூர்வீகத்தைத் தேடிப் படிச்சேன்.

1931-ல் அமெரிக்க ராணுவம் தன் விமானிகளுக்குக் கொடுத்தது தோல் ஜாக்கெட். அப்புறம் ஜெட் விமானம் வந்தது. உயரம் ஏற ஏற, குளிரும் ஏறியது. மழையிலும் வியர்வையிலும் நனைந்த தோல், மேலே போனதும் உறைந்து விறைத்தது. அதனால் 1950-களில் வந்தது எம்.ஏ-1. லேசான நைலான். பாராசூட் வார்களுக்கு இடைஞ்சலா இருந்த ரோமக் காலருக்குப் பதில் பின்னல் காலர். கையில் பேனா செருக பாக்கெட். ஸ்டைல்னு நாம நினைக்கிற எதையும் அவங்க ஸ்டைலுக்காக வைக்கலை!

இதோட பங்காளி, மீன்வால் பார்கா. கொரியப் போர் நேரத்தில் அமெரிக்கத் தரைப்படை பயன்படுத்தியது. பின்பக்கம் வால் மாதிரி பிளந்திருக்கும். ரெண்டு முனையையும் காலோடு சேர்த்துக் கட்டிக்கிட்டா, குளிர்காற்று உள்ளே வராது. போர் முடிஞ்சு மிச்சமானது மலிவு விலைக்கு வந்தது. 60-களில் பிரிட்டன் 'மாட்' பசங்க அதை வாங்கி, வெஸ்பா, லாம்ப்ரெட்டாவில் போறப்போ கோட்டு அழுக்காகாம இருக்க மேலே மாட்டிக்கிட்டாங்க. உயிரைக் காக்கப் பிறந்தது, கோட்டைக் காக்கப் போயிருச்சு!

சரி, அந்த ஆரஞ்சு? எம்.ஏ-1-க்கு அது 1960 வாக்கில் வந்து சேர்ந்தது. விமானம் விழுந்து உயிர் பிழைச்ச விமானி, ஜாக்கெட்டை உள்வெளியாத் திருப்பிப் போட்டுக்கணும். தேடி வர்றவங்க கண்ணுக்குத் தூரத்துல இருந்தே தெரியணும். ஒளியணும்னா பச்சை, மீட்கணும்னா ஆரஞ்சு!

அந்த இடத்துல அப்படியே நின்னுட்டேன். போர் விமானம் ஓட்டுறவனுக்கே, 'விழுந்துட்டேன், வந்து தூக்குங்க'ன்னு சொல்ல ஒரு கலர் தைச்சுக் கொடுத்திருக்காங்க. நான் மட்டும் வீட்டுக்குப் பச்சையையே காட்டிட்டு இருந்தேன்.

அங்கே ராத்திரி ஒரு மணி. ஊர்ல காலை ஆறரை. அப்பாவுக்கு போன் போட்டு எல்லாத்தையும் கொட்டினேன். திட்டுவார்னு நினைச்சேன். 'இதைச் சொல்லவாடா இத்தனை நாள்?'னு மட்டும் கேட்டார். அவர் குரல் உடைஞ்சு நான் கேட்டது அன்னிக்குத்தான்.

ரெண்டு பேப்பரையும் மறுபடி எழுதி பாஸ் பண்ணி, ஊருக்கும் வந்தாச்சு. நம்ம வெயிலுக்கு அதைப் போட முடியுமா? பீரோவில் தொங்குது. இப்போ தம்பி ஹாஸ்டல்ல இருக்கான். போன் பண்ணினா, 'சூப்பர்ணே'ம்பான். நான் விடுறதில்லை. 'பச்சையா, ஆரஞ்சாடா?'

உங்களுக்கும் அதே கேள்விதான் ஃப்ரெண்ட்ஸ். ஆரஞ்சுன்னா கூச்சப்படாம திருப்பிப் போடுங்க. தேடி வர ஆள் இருக்கு!