ராவைக்கு அம்மாவிடம் சொல்ல வேண்டிய கதை

தேயிலைத் தோட்டங்களில் வெள்ளைக்காரத் துரைமார் நம் ஆட்களை வேலை வாங்கத் தமிழ் படித்தார்கள். அதற்கென்றே அவர்களுக்குக் கைநூல்கள் அச்சாகின. நம் பிள்ளைகளுக்கு இங்கிலீஷ் சொல்லித்தர அந்த அக்கறை எவருக்கும் இருக்கவில்லை. 1970களில் அரசு பொறுப்பேற்கத் தொடங்கும் வரை பல தோட்டப் பள்ளிக்கூடங்களில் ஒரே அறை, ஒரே வாத்தியார். இங்கிலீஷ் பங்களாவோடும் ஆபீசோடும் நின்றுவிட்டது.

இப்போது காலம் மாறியிருக்கிறது. 2005இல் பதுளையில் தொடங்கிய ஊவா வெல்லஸ்ஸப் பல்கலைக்கழகத்தில் படிப்பு ஆங்கிலத்தில்தான். உயர்தரம் வரை தமிழில் படித்துவிட்டு அங்கே போகிற பிள்ளை முதல் மாதங்களில் திணறத்தான் செய்யும். அதனால்தான் ஹாலிஎலைப் பக்கத் தாய்மார் என்னிடம் வந்து, "சேர், வீட்டுல தமிழ் பேசுறத நிப்பாட்டிட்டா புள்ளைக்கு இங்கிலீஷ் சீக்கிரம் வருமா?" என்று கேட்கிறார்கள். அந்தப் பயம் நியாயமானது. நிப்பாட்ட வேண்டாம் என்றே சொல்வேன். தனக்குப் பழக்கமில்லாத மொழியில் தாய் பேசினால் சாப்பிடு, வா, தூங்கு என்பதோடு பேச்சு முடிந்துவிடும். பாட்டன் காமன்கூத்துக்குத் தப்படித்த கதையை அவள் எந்த மொழியில் சொல்வாள்?

என்னிடம் படித்த ஒரு பிள்ளையின் தாய் கொழுந்தெடுப்பவர். எழுத வாசிக்கத் தெரியாது. மெல்லிய இங்கிலீஷ் கதைப்புத்தகம் ஒன்றைக் கொடுத்தனுப்பினால், மறுநாள் காலையில் அந்தப் பிள்ளைக்கு ஒரு வரி விடாமல் விளங்கியிருக்கும். எப்படி என்று கேட்டேன். "ராவைக்கு அம்மாகிட்ட கதைய சொல்லணும் சேர். வெளங்காட்டி விடமாட்டாங்க." கதையில் வரும் பொடியன் ஏன் ஓடினான், ஆற்றை எப்படிக் கடந்தான் என்று தாய் துருவித் துருவிக் கேட்பாராம். பதில் தேடிப் பிள்ளை மறுபடியும் புத்தகத்தைப் புரட்டும். மலையேறி இறங்கிய களைப்போடு குப்பிவிளக்கடியில் உட்கார்ந்து அந்தத் தாய் நடத்திய வகுப்புக்கு ஈடாக நான் ஒன்றும் நடத்தியதில்லை. வாசித்ததைத் தமிழில் கதையாகச் சொல்ல வைத்து, பிறகே இங்கிலீஷில் கேள்வி கேட்பது என்று என் வகுப்பையும் மாற்றிக்கொண்டேன். பாடம் மெதுவாகத்தான் நகர்ந்தது. ஆனால் பின்வாங்கில் வாய் திறக்காமல் இருந்தவர்களும் பேசத் தொடங்கினார்கள். அந்தப் பிள்ளை இன்று ஓர் ஆசிரியை.

சிங்களத்தை நம் பிள்ளைகள் பசறை பஸ்ஸிலும் பண்டாரவளைக் கடைத்தெருவிலும் தாங்களாகவே பிடித்துக்கொள்கிறார்கள். அங்கே திருப்பிப் பேச ஆள் இருக்கிறது. 1987இல் வந்த இலங்கை அரசியலமைப்பின் 13ஆவது திருத்தம் தமிழையும் அரசகரும மொழியாக்கி, ஆங்கிலத்தை இணைப்பு மொழி என்றது. ஆனால் லயத்தில் இருக்கிற பிள்ளை ஆங்கிலத்தில் யாரோடு பேசும்? பாதையும் தங்குமிடமும் சரியில்லாத தோட்டத்துக்கு வருகிற இங்கிலீஷ் ஆசிரியர் சீக்கிரமே மாற்றம் கேட்கிறார். அவரைக் குறைசொல்லிப் பயனில்லை. தங்க ஒரு நல்ல வீடு கொடுத்தால் பாதிப்பேர் நிற்பார்கள். அதுவரைக்கும் பல்கலைக்கழகத்துக்குப் போன நம் பிள்ளைகள் லீவில் வரும்போது, ஒரு மணித்தியாலம் இந்தச் சின்னதுகளோடு இங்கிலீஷில் கதைத்துவிட்டுப் போகட்டும்.