தடுமாறுகிற பிள்ளையின் வகுப்பு

"அங்கிள், பிள்ளையை வயலினுக்கு விட வேணும். ஆரிட்டை விடலாம்?" ஒஸ்லோவின் குரோருட்டில் இளம் பெற்றோர் என்னிடம் அடிக்கடி கேட்கிற கேள்வி இது. அவர்கள் எதிர்பார்ப்பது ஒரு பெயரையும் ஒரு தொலைபேசி இலக்கத்தையும். நான் பெயர் சொல்வதில்லை. சொன்னால் தேடுவதை அங்கேயே நிறுத்திவிடுவார்கள். ஒரு பிள்ளைக்குப் பொருந்துகிற மாஸ்டர் அதன் தமையனுக்கே பொருந்தாமல் போவதைக் கண்டிருக்கிறேன். எப்படிப் பார்ப்பது, எதைக் கேட்பது என்பதை மட்டும் சொல்லலாம். அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

மேடையைப் பார்த்து மாஸ்டரைத் தேடாதீர்கள். ஒரு மிருதங்க அரங்கேற்றத்துக்குப் போகிறோம். மண்டபம் நிறைந்த சனம், சென்னையிலிருந்து வந்த பாடகர், தனியாவர்த்தனத்தில் வெளுத்து வாங்குகிற பதினாறு வயதுப் பிள்ளை. அடுத்த நாளே நாலு பெற்றோர் அந்த மாஸ்டரைத் தேடிப் போகிறார்கள். ஆனால் அந்தப் பிள்ளை இயல்பிலேயே கெட்டிக்காரப் பிள்ளை; வீட்டில் தாயோ தகப்பனோ பக்கத்திலிருந்து நாள்தோறும் சாதகம் செய்வித்திருப்பார்கள். அப்படிப்பட்ட பிள்ளை எவரிடம் விட்டாலும் ஓரளவு மேலே வந்துவிடும். உங்கள் பிள்ளை போகப்போவதோ, பள்ளிக்கூடமும் உதைபந்தாட்டப் பயிற்சியும் முடிந்து களைத்துப்போய் வருகிற ஒரு மார்கழி மாலை வகுப்புக்கு.

ஆகவே மாஸ்டரிடம் ஒன்றே ஒன்று கேளுங்கள்: "ஒரு வகுப்பிலை பின்னாலை இருந்து பாக்கலாமோ?" அங்கே கெட்டிக்காரப் பிள்ளையைப் பார்க்காதீர்கள். இரண்டு மாதமாகச் சரளி வரிசையிலேயே நின்று தடுமாறுகிற பிள்ளை ஒன்று இருக்கும். அதன் முறை வரும்வரை காத்திருங்கள். அந்தப் பிள்ளைக்கு ரிஷபம் பிசகும்போது மாஸ்டர் என்ன செய்கிறார்? சிலர் "இன்னொருக்கா வாசி" என்பார்கள். பிள்ளை அதே பிழையை இன்னொருக்கா வாசிக்கும். அப்படிப் பத்துத் தரம் வாசித்தால் பிழைதான் கையில் நன்றாகப் பதியும். வேறு சிலர் நிறுத்துவார்கள். பிள்ளையின் இடது மணிக்கட்டு வயலின் கழுத்தில் சாய்ந்திருப்பதைக் கண்டு, விரலால் மெல்ல விலக்கி விடுவார்கள். "வயலினைக் கீழே வை, முதல்ல பாடு" என்பார்கள். பாடிக் காட்டிய பிறகு ஒரு ஸ்வரத்துக்கு ஒரு வில் என்று மெதுவாக வாசிக்க விடுவார்கள். அரை மணித்தியாலம் இப்படிப் பார்த்தால் போதும். அதற்குமேல் என்னைப் போன்றவர்களிடம் கேட்கத் தேவையிராது.

பார்க்க விடமாட்டேன் என்று ஒருவர் சொன்னால், அது பிள்ளைகளின் கவனம் சிதறும் என்பதற்காகவும் இருக்கலாம். அப்படியானால் ஒரு நாளைக் குறித்துத் தருவார். ஒரு நாளும் முடியாது என்கிறவரிடம் என் பேரப்பிள்ளையை நான் விடமாட்டேன். சிறு பிள்ளைக்குத் தனி வகுப்பென்றால் அறைக் கதவு திறந்திருக்க வேண்டும், பெற்றோர் எந்நேரமும் உள்ளே வரக்கூடியதாக இருக்க வேண்டும். நோர்வேயில் பிள்ளைகளோடு வேலை செய்கிறவர்களிடம் பள்ளிகளும் சங்கங்களும் பொலிஸ் நற்சான்றிதழ் கேட்கின்றன. வீட்டில் நடக்கிற தனி வகுப்பில் அதைக் கேட்பதற்கு ஒரு நிர்வாகம் இல்லை, பெற்றோரின் கண்தான் இருக்கிறது. குருவை மதிப்பது இதனால் குறைந்துவிடாது. நல்ல ஆசிரியர்கள் தாங்களாகவே கதவைத் திறந்து வைப்பார்கள்.

யார் ஆசிரியர் ஆகத் தகாதவர் என்பதை 13ஆம் நூற்றாண்டிலேயே பவணந்தி முனிவர் நன்னூலின் பாயிரத்தில் நாலு உவமையில் சொல்லிவிட்டார். பள்ளியில் நாங்கள் அதை மனப்பாடம் செய்தோம். இந்த ஊரில் வளர்ந்த பிள்ளைகளுக்கு அது கிடைத்திராது. கழற்காய் நிரப்பிய குடத்தைக் கவிழ்த்தால் காய்கள் போட்ட ஒழுங்கில் வராமல் முன்பின்னாகக் கொட்டும். போன கிழமை ஜண்டை வரிசை, இந்தக் கிழமை பிறந்தநாள் விழாவுக்கு ஒரு சினிமாப் பாட்டு, அடுத்த கிழமை திடீரென்று ஒரு கீர்த்தனை என்று நடக்கிற வகுப்புகள் அந்த வகை. மடற்பனை, கருக்கு மட்டை நெருங்கி நிற்கிற பனை: ஏறிப் பறிக்க முடியாது, தானாக விழுந்தால்தான் பழம். கேள்வி கேட்டாலே முகம் சுளிக்கிற வித்துவான் அப்படிப்பட்டவர். பருத்திக் குண்டிகை என்பது வாய் சிறுத்த குடுக்கையில் பஞ்சை அடைத்து வைத்தது. திணிப்பதும் கடினம், எடுப்பதும் கடினம். கச்சேரியில் அற்புதமாக வாசித்துவிட்டு, அதே சங்கதியை எட்டு வயதுப் பிள்ளைக்கு உடைத்துச் சொல்லத் தெரியாதவர்களை எங்கள் எல்லோருக்கும் தெரியும். அவர்கள் கலைஞர்கள், அவர்களின் கச்சேரிக்குப் போங்கள், பிள்ளையைக் கொண்டுபோய் விடாதீர்கள்.

நாலாவதுதான் என்னை அதிகம் வருத்துவது. முடத்தெங்கு, வேலிக்கு அப்பால் வளைந்த தென்னை. தண்ணீர் ஊற்றுகிறவன் ஒருவன், தேங்காய் விழுவது அடுத்தவன் வளவில். புலம்பெயர் நாடுகளில் இது மெல்ல வழக்கமாகிவிட்டது. வகுப்பில் பதினைந்து பிள்ளைகள் இருப்பார்கள். ஆண்டு விழாவுக்கு இரண்டு மாதம் இருக்கும்போது மேடையேறப் போகிற மூன்று பிள்ளைகளை மட்டும் மாஸ்டர் பார்ப்பார். மற்றப் பன்னிரண்டும் மூலையிலிருந்து தாளம் போடும். பன்னிரண்டு பேரின் பெற்றோரும் மாதம் தவறாமல் விப்ஸ் செயலியில் காசு அனுப்புவார்கள். அந்தப் பிள்ளைகள் பதின்மூன்று வயதில் வாத்தியத்தை அலுமாரிக்கு மேல் வைத்துவிடும்போது, "பிள்ளைக்கு இன்ட்ரஸ்ட் இல்லை" என்று நாங்கள் பழியைப் பிள்ளையின் தலையில் போடுகிறோம்.

ஊரில் இந்தக் குறைகளை ஊரே ஓரளவு ஈடுசெய்தது. யாழ்ப்பாணத்து இணுவிலிலோ அளவெட்டியிலோ பிறந்த பிள்ளைக்கு வகுப்புக்கு வெளியேயும் இசை இருந்தது. கோயில் திருவிழா என்றால் விடிய விடிய நாதசுவரமும் தவிலும் கேட்டன. பக்கத்து வளவில் யாரோ சாதகம் செய்துகொண்டிருந்தார்கள். சொற்கட்டு தெரியாத பிள்ளைக்குக்கூடத் தாளம் உடம்பில் ஊறியிருந்தது. குரோருட்டின் மாடிக் குடியிருப்பில் வளர்கிற பிள்ளையின் காதில் கர்நாடக இசை விழுவது பெரும்பாலும் அந்த வாரத்து முக்கால் மணித்தியாலத்தில்தான். ஊர் முழுக்கச் செய்த வேலையை இங்கே ஒரு மாஸ்டர் தனியே செய்ய வேண்டியிருக்கிறது. அதனால்தான் அவரிடம் "வீட்டிலை பிள்ளை என்ன கேக்க வேணும்?" என்று நான் கேட்கச் சொல்கிறேன். லால்குடி ஜெயராமனின் ஒரு வர்ணம், எம்.எஸ். கோபாலகிருஷ்ணனின் ஓர் ஆலாபனை என்று குறிப்பாக எடுத்துச் சொல்லி, அடுத்த வகுப்பில் அதைப் பற்றிப் பிள்ளையோடு கதைக்கிறவர் கிடைத்தால் விடாதீர்கள்.

சான்றிதழைப் பற்றியும் கேட்கிறார்கள். வட இலங்கைச் சங்கீத சபையின் கலாவித்தகர், அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் சங்கீத பூஷணம், மருதனார்மடத்து இராமநாதன் நுண்கலைக் கழகத்தில் படித்த பட்டம், இவையெல்லாம் உழைத்துப் பெற்றவை. ஒருவர் முறையாகப் படித்தவர், பாடாந்தரம் சுத்தமாக இருக்கும் என்பதற்கு அவை நல்ல சான்று. பொறுமைக்குச் சான்றிதழ் தருகிற சபை எங்கும் இல்லை. தரத் தேர்வுகளையும் இதே கண்ணோடு பாருங்கள். தேர்வு பிள்ளைக்கு ஓர் இலக்கைத் தரும். ஆனால் வருடம் முழுவதும் தேர்வு உருப்படிகளை மட்டும் உருப்போட்டால், நாலாம் தரம் சித்தியடைந்த பிள்ளைக்கு ஒரு புதுக் கீதத்தைத் தானாக வாசிக்கத் தெரியாது.

இந்த இடத்தில் என்ன வசதி இருக்கிறது என்பதையும் எடைபோட வேண்டும். ரீ-பானே மெட்ரோ ரயிலில் குரோருட்டிலிருந்து இரண்டாவது நிறுத்தம் ரொம்மன். தமிழோடு கலைகளையும் பயிற்றுகிற அன்னை பூபதி தமிழ்க் கலைக்கூடம் அங்கே இருக்கிறது. ஒவ்வொரு நகரசபையும் இசை, கலைப் பள்ளி ஒன்றை நடத்த வேண்டும் என்று 1997 இலிருந்து நோர்வேச் சட்டம் சொல்கிறது. ஒஸ்லோவில் அதற்குக் காத்திருப்போர் வரிசை நீளம், அதனால் பிள்ளை சின்னதாக இருக்கும்போதே விண்ணப்பியுங்கள். பள்ளிகளின் பான்ட் வாத்தியக் குழுக்களும் உண்டு. மே 17 தேசிய நாள் ஊர்வலத்தில் வாசிக்கிற பிள்ளைகள் அங்கே உருவானவர்கள். எக்காளம் ஊத ஆசைப்படுகிற தமிழ்ப் பிள்ளையை "எங்கடை வாத்தியம் பழகு" என்று மறித்து வைக்காதீர்கள்.

வயலினில்தான் ஒரு சிக்கல். மேற்கத்திய வகுப்பில் பிள்ளை நின்று, வயலினைத் தாடையில் பிடித்து வாசிக்கிறது. எங்கள் முறையில் சப்பாணி கட்டியிருந்து, வயலின் தலையை வலது காலில் ஊன்றிக்கொள்கிறோம். அதனால் இடது கை கமகத்துக்குத் தாராளமாக வழுக்கி ஓட முடிகிறது. தந்திகளின் சுருதியும் வேறு. முத்துசுவாமி தீட்சிதரின் தம்பி பாலுசுவாமி தீட்சிதரும், தஞ்சை நால்வரில் ஒருவரான வடிவேலுவும் 19ஆம் நூற்றாண்டில் இந்த வாத்தியத்தை எங்கள் இசைக்குள் கொண்டுவந்த பிறகு வந்த மாற்றம் இது. ஆறு வயதுப் பிள்ளைக்கு இரண்டையும் ஒரே வருடத்தில் தொடங்கினால் இரண்டும் குழம்பும். ஒன்றில் கை ஊன்றிய பிறகு மற்றதைத் தொடங்கலாம். ஒரே வயலினை இரண்டு வகுப்புக்கும் மாற்றி மாற்றி முறுக்காதீர்கள், தந்தி அறுந்துகொண்டே இருக்கும். மாஸ்டர் கிடைக்கும்வரை வாத்தியம் வாங்கவும் வேண்டாம். கால், அரை, முக்கால் என்று வயலினுக்கு அளவு உண்டு. பிள்ளையின் கையை அளந்துதான் சொல்ல வேண்டும். சென்னையிலிருந்து விமானத்தில் ஆசையோடு கொண்டுவந்த வீணையும் மிருதங்கமும் இந்தக் குளிர்காலத்து வறண்ட காற்றில் என்ன ஆகும் என்பதை, முதலில் எச்சரிக்கிறவரே அந்த வாத்தியத்தை அறிந்தவர்.

கணினித் திரையில் சென்னையிலோ யாழ்ப்பாணத்திலோ இருக்கிறவரிடம் பழகலாமா? வர்ணம் தாண்டிய பிள்ளைக்கு நல்லது, மிக நல்லது. தொடக்கப் பிள்ளைக்கு என் வாயால் அதைச் சொல்லமாட்டேன். மணிக்கட்டை விலக்கிவிட அங்கே ஒரு கை இல்லை. ஒலி பிந்தி வருவதால் இருவரும் சேர்ந்து வாசிக்கவோ, ஒரே தாளத்தில் நிற்கவோ முடியாது. மாஸ்டரோடு சேர்ந்து வாசிப்பதில்தான் பிள்ளைக்குச் சுருதி பிடிபடுகிறது.

குருவை மாற்றுவது பாவம் என்று நினைக்கிறவர்களுக்கு இந்த நாட்டின் கதை ஒன்று. எட்வர்ட் கிரீக்கின் முதல் பியானோ ஆசிரியை அவருடைய தாய் கெசினே. 1858 இல், பதினைந்து வயதில், வயலின் மேதை ஊலே புல்லின் சொற்கேட்டுப் பெற்றோர் அவரை ஜெர்மனியின் லைப்சிக் இசைக் கல்லூரிக்கு அனுப்பினார்கள். அங்கே கிடைத்த முதல் பியானோ ஆசிரியர் பிளைடி, பெயர்பெற்றவர்தான். அவர் கொடுத்த பயிற்சிகள் பையனுக்கு ஒத்துவரவில்லை. கிரீக் நிர்வாகத்திடமே போய் வேறு ஆசிரியர் கேட்டார். வென்சல் என்பவரிடம் மாற்றினார்கள்; அவரிடம் பையன் ஒட்டிக்கொண்டான். பிளைடி மோசமான ஆசிரியர் அல்ல, அந்தப் பிள்ளைக்குப் பொருந்தாதவர். மாற்ற வேண்டி வந்தால் நேரில் போய், நன்றி சொல்லி, காரணம் சொல்லி, நிலுவைக் காசைக் கொடுத்துவிட்டு மாற்றுங்கள். சொல்லாமல் நின்றுவிடுகிற பழக்கம் எங்கள் ஆட்களிடம் இருக்கிறது. அது ஆசிரியரை நோகடிக்கும். மறுபுறம், ஒவ்வொரு வருடமும் மாஸ்டரை மாற்றுகிற பெற்றோரும் இருக்கிறார்கள். சிலப்பதிகாரத்து மாதவி ஐந்து வயதில் தொடங்கி ஏழு ஆண்டு பயின்ற பிறகே அரங்கேறினாள். அரங்கேற்று காதையில் அவளோடு சேர்ந்த யாழ், குழல், தண்ணுமை ஆசிரியர்களின் தகுதிகளை இளங்கோ ஒவ்வொன்றாக எழுதி வைத்திருக்கிறார். தண்ணுமை ஆசிரியன் மற்ற வாத்தியங்களில் குறைவதை நிரப்பி, மிகுவதை அடக்கி, தன் ஒலி மேலெழாமல் வாசிக்க வேண்டுமாம். மிருதங்கம் பழக்குகிறவரைத் தேடுகிறவர்கள் அந்தப் பகுதியை ஒருமுறை படித்துவிட்டுப் போகலாம்.

காசை முதல் நாளே கதைத்துவிடுங்கள். பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் என்ன, மாஸ்டர் கச்சேரிக்குப் போனால் அந்த வகுப்புக்கு என்ன, கோடை விடுமுறைக்குக் கட்டணம் உண்டா. பேரம் பேசாதீர்கள். பகலில் வேறு வேலை செய்து, மாலையில் எங்கள் பிள்ளைகளுக்காக இருக்கிறவர்கள் அவர்களில் பலர்.

புதிய வகுப்புகள் ஓகஸ்டில் தொடங்கும். அப்போது தேடப் போனால் இடமும் இராது, வகுப்பில் இருந்து பார்க்க நேரமும் இராது. ஜூன் விடுமுறைக்கு முன்னரே இரண்டு மூன்று மாஸ்டர்களிடம் கேட்டு நாள் குறியுங்கள். பிள்ளையையும் கூட்டிக்கொண்டு போங்கள். திரும்பி வரும்போது உங்கள் அபிப்பிராயத்தைச் சொல்லாமல், அந்த மாஸ்டரிடம் இன்னொருக்கா போக விருப்பமா என்று முதலில் பிள்ளையிடம் கேளுங்கள்.