பேஸ்மேக்கர் வைத்தவர்கள் கிரிவலம் போகலாமா? திருவண்ணாமலைக்கு ஒரு பாதுகாப்பான பயணத் திட்டம்!

பௌர்ணமி நெருங்கினால் பல வீடுகளில் இந்தப் பேச்சு எழும். "அப்பாவுக்கு பேஸ்மேக்கர் வெச்சு ஆறு மாசம் ஆச்சே, இந்தத் தடவை திருவண்ணாமலைக்குக் கூட்டிட்டுப் போலாமா?" என்று மகள் கேட்பார். "எதுக்கு வம்பு, வீட்டுலயே இருக்கட்டும்" என்பார் மகன். "நாப்பது வருஷமா சுத்துற மலை, எனக்கு ஒண்ணும் ஆகாது" என்று அப்பா வேட்டியை எடுத்து வைத்திருப்பார்.

மூவருமே கொஞ்சம் சரி, கொஞ்சம் தவறு. பேஸ்மேக்கர் பொருத்தி, காயம் ஆறி, மருத்துவர் பரிசோதித்து அனுமதித்தவர்களில் பெரும்பாலானோர் தாராளமாகப் பயணம் செய்யலாம். கருவி இருக்கிறதா என்பதைவிட, எந்த நாளில், எந்த நேரத்தில், எவ்வளவு தூரம் நடப்பது என்பதுதான் முக்கியம். அதைச் சரியாக முடிவு செய்தால் திருவண்ணாமலை இவர்களுக்கும் வசதியான ஊர்தான்.

நெஞ்சுக்குள் இருக்கும் அந்தக் கருவி

இதயத்தின் இயற்கையான மின்துடிப்பு குறையும்போதோ, தடைபடும்போதோ அதை ஈடுகட்டுவது பேஸ்மேக்கர். தீப்பெட்டியைவிடச் சிறியது. பெரும்பாலும் இடது காறை எலும்புக்குக் கீழே தோலுக்கு அடியில் வைக்கப்படும். அதிலிருந்து மெல்லிய கம்பிகள் ரத்தக்குழாய் வழியாக இதயத்துக்குச் செல்லும். துடிப்பு சரியாக இருந்தால் கருவி சும்மா இருக்கும். குறைந்தால் ஒரு சிறு மின்தூண்டல் கொடுக்கும்.

உடலுக்குள் முழுமையாகப் பொருத்தப்பட்ட முதல் பேஸ்மேக்கர் 1958 அக்டோபர் 8 அன்று, சுவீடனின் ஸ்டாக்ஹோமில் ஆர்னே லார்சன் என்பவருக்கு வைக்கப்பட்டது. அது சில மணி நேரமே வேலை செய்தது. ஆனால், அடுத்தடுத்து 26 பேஸ்மேக்கர்கள் மாற்றப்பட்டு, 2001-ல் தன் 86-வது வயதில்தான் அவர் காலமானார். கருவியை வடிவமைத்த பொறியாளர் எல்ம்க்விஸ்ட், பொருத்திய மருத்துவர் சென்னிங் இருவரையும்விட அதிக காலம் வாழ்ந்தார். இன்றைய கருவிகளின் பேட்டரி பல ஆண்டுகள் தாங்கும்.

எந்த நாளில் போகலாம்?

பௌர்ணமி இரவில் 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதை முழுக்க மனிதத் தலைகள். இந்தக் கூட்டம்தான் பேஸ்மேக்கர்காரர்களுக்கு முதல் சிக்கல். நெரிசலில் நெஞ்சில் முழங்கை இடிக்கலாம். நினைத்த இடத்தில் உட்கார முடியாது. மயக்கம் வந்தால் ஆம்புலன்ஸ் வந்து சேரவும் நேரமாகும்.

கிரிவலம் எல்லா நாளும் உண்டு. சாதாரண நாளின் விடியற்காலை நாலரை, ஐந்து மணிக்குத் தொடங்கினால் காற்று குளிர்ச்சியாக இருக்கும், பாதையும் காலியாக இருக்கும். கோடை மாதங்களில் காலை ஒன்பது மணிக்கு மேல் தார்ச்சாலை கொதிக்கும் என்பதால், அதற்குள் முடித்துவிடுவது நல்லது.

கார்த்திகை தீபத்தைப் பார்த்தே ஆகவேண்டும் என்ற ஆசை இருக்கிறதா? அதற்கும் வழி உண்டு. மாலை 6 மணிக்கு 2,668 அடி உயர மலை உச்சியில் ஏற்றப்படும் மகா தீபம் அன்றோடு முடிவதில்லை. அதைத் தொடர்ந்து 11 நாட்கள் மலைமேல் ஜோதி தெரியும். கூட்டம் வடிந்த பிறகு போனாலும் தீப தரிசனம் கிடைக்கும்.

கோயிலுக்குள்...

217 அடி உயர, 11 நிலை ராஜகோபுரத்தைத் தாண்டி உள்ளே போனால் பிராகாரங்களைக் கடந்து கருவறை வரை நல்ல நடை இருக்கிறது. கல்தரை, நீண்ட வரிசை, உள்ளே போகப் போகப் புழுக்கம். நடப்பதைவிட, ஒரே இடத்தில் நீண்ட நேரம் நிற்பதுதான் பலருக்குத் தலைசுற்றலைத் தரும். நிற்கும்போது கால்களை மடக்கி நீட்டிக்கொண்டே இருங்கள். முடியாதபோது பிராகாரத்தில் உட்கார்ந்துவிடுங்கள். வரிசையில் சேரும் முன்பே கோயில் அலுவலகத்தில் உடல்நிலையைச் சொல்லி, முதியோருக்கு என்ன வசதி இருக்கிறது என்று கேட்டுக்கொள்வது நல்லது.

*மெட்டல் டிடெக்டர்:* பாதுகாப்புச் சோதனை வாசல்களை வழக்கமான நடையில் கடந்தால் பாதிப்பு இல்லை. வாசலுக்கு நடுவே நிற்பதும், அதன்மேல் சாய்வதும்தான் கூடாது. கருவியின் உலோகத்தால் 'பீப்' சத்தம் வரலாம். கையில் பிடித்துச் சோதிக்கும் கருவியை நெஞ்சுக்கு மேலே நிறுத்தி வைக்க வேண்டாம் என்று சொல்லி, பேஸ்மேக்கர் அட்டையைக் காட்டினால் போதும். விமான நிலையத்திலும் இதே நடைமுறைதான்.

*தலைக்கு மேல் கும்பிடுவது:* "அண்ணாமலையாருக்கு அரோகரா!" என்று கோபுரத்தைப் பார்த்ததும் கைகள் தானாக மேலே போகும். ஆனால், பேஸ்மேக்கர் வைத்த முதல் 4 முதல் 6 வாரங்களுக்கு அந்தப் பக்கக் கையைத் தோளுக்கு மேல் தூக்கக் கூடாது. இதயத்துக்குள் இருக்கும் கம்பியின் முனை அங்கே நன்றாகப் பிடிப்பதற்கு அவ்வளவு காலம் வேண்டும். அதற்குள் கையை உயர்த்தினால் கம்பி நகர்ந்துவிடலாம். நெஞ்சுக்கு நேரே கைகூப்புங்கள். அதற்காகக் கையை அசைக்காமலே வைத்திருந்தால் தோள்மூட்டு இறுகிவிடும். எனவே மருத்துவர் சொன்ன அளவுக்கு அசைக்க வேண்டும். அந்தக் காலம் முடிந்து மருத்துவர் சம்மதித்துவிட்டால் தாராளமாகத் தலைக்கு மேல் கும்பிடலாம்.

*அங்கப்பிரதட்சணம், சாஷ்டாங்க நமஸ்காரம்:* இரண்டிலும் மார்பு கல்தரையில் அழுந்தும். கருவி இருக்கும் இடத்தில் அடியும் அழுத்தமும் வேண்டாம் என்பதால், அங்கப்பிரதட்சண வேண்டுதல் இருப்பவர்கள் மருத்துவரிடம் கேட்காமல் செய்யக் கூடாது.

கிரிவலப் பாதையில்...

இந்திர லிங்கத்தில் தொடங்கி அக்னி, எம, நிருதி, வருண, வாயு, குபேர, ஈசான்ய லிங்கங்கள் என எட்டுத் திசைக்கும் எட்டு நிறுத்தங்கள். பேஸ்மேக்கர்காரர்களுக்கு இது ஒரு வசதி. லிங்கத்துக்கு லிங்கம் பத்து நிமிடம் உட்கார்ந்து, தண்ணீர் குடித்து, மூச்சு சீரான பிறகு எழுந்து நடக்கலாம்.

நடையின் வேகத்துக்கு ஒரு எளிய அளவுகோல் உண்டு. நடந்துகொண்டே பக்கத்தில் இருப்பவரிடம் முழு வாக்கியமாகப் பேச முடிந்தால் வேகம் சரி. வார்த்தைக்கு வார்த்தை மூச்சு வாங்கினால் உடனே உட்கார வேண்டும். பயணத்துக்கு ஒரு மாதம் முன்பிருந்தே வீட்டருகே இரண்டு, மூன்று, ஐந்து கிலோமீட்டர் எனத் தூரத்தைக் கூட்டிப் பார்த்தால், 14 கிலோமீட்டர் நம்மால் முடியுமா என்பது தெரிந்துவிடும்.

முடியாவிட்டால்? பாதையைப் பிரித்துக்கொள்ளலாம். கோயிலிலிருந்து சுமார் 2 கிலோமீட்டரில் இருக்கும் ரமணாசிரமம் வரை முதல் நாள் நடை. மறுநாள் மீதித் தூரத்தை ஆட்டோவில் சுற்றி, விருப்பமான லிங்கக் கோயில்களில் இறங்கித் தரிசிக்கலாம். கூட்டம் இல்லாத நாட்களில் எட்டு லிங்கங்களையும் வண்டியிலேயே சுற்றி வருபவர்கள் நிறைய பேர். "எல்லாரும் நடக்குறாங்க, நான் மட்டும் ஆட்டோவுலயா?" என்ற கூச்சத்தில் களைப்பை மறைத்து நடப்பதுதான் ஆபத்து. வீட்டில் ஒருவர் கூடவே ஆட்டோவில் ஏறிக்கொண்டால் அந்தக் கூச்சம் போய்விடும்.

வெறுங்காலில் நடப்பவர்கள் இரண்டு விஷயங்களைக் கவனிக்க வேண்டும். பேஸ்மேக்கருடன் ரத்தம் உறையாமல் இருக்கவும் மாத்திரை சாப்பிடுபவர்களுக்குச் சிறு கல் குத்தினாலும் ரத்தம் நிற்கத் தாமதமாகும். சர்க்கரை நோய் இருந்தால் காலில் பட்ட காயமே தெரியாமல் போகலாம். இவர்கள் மென்மையான செருப்பணிந்து நடந்து, கோயில் வாசல்களில் மட்டும் கழற்றிக்கொள்ளலாம். விரதம் என்று மாத்திரையை நிறுத்துவதும் கூடாது. இதயம் பலவீனமாகி, தண்ணீர் அளவாகக் குடிக்கச் சொல்லப்பட்டவர்கள், வெயிலில் நடக்கும் நாளில் எவ்வளவு குடிக்கலாம் என்று முன்பே கேட்டு வைத்துக்கொள்ள வேண்டும்.

குபேர லிங்கத்தைத் தாண்டியதும் இடுக்குப் பிள்ளையார் கோயில். ஒருக்களித்துப் படுத்து, குறுகிய கல் இடுக்கு வழியாக ஊர்ந்து வெளியே வருவது இங்கே வழக்கம். பேஸ்மேக்கர்காரர்கள் இதைத் தவிர்த்துவிட வேண்டும். தோள்பட்டையும் மார்பும் கல்லில் உரசும். நடுவில் மாட்டிக்கொண்டால் பதற்றமும் சேரும். வெளியில் நின்றே பிள்ளையாரைக் கும்பிட்டுக்கொள்ளலாம்.

மலை ஏறலாமா?

ரமணாசிரமத்தின் பின்புறமிருந்து ஸ்கந்தாஸ்ரமத்துக்கு ஒரு கல் பாதை ஏறுகிறது. ரமணர் 1916 முதல் 1922 வரை வாழ்ந்த இடம். அதற்கு முன் அவர் இருந்த விருபாட்ச குகையும் மலையில்தான் இருக்கிறது. தூரம் குறைவு என்பதால், "14 கிலோமீட்டர் நடந்தாச்சு, இது என்ன பிரமாதம்?" என்று தோன்றும். இங்கேதான் கவனம் தேவை.

பல பேஸ்மேக்கர்களில் உடல் அசைவை உணரும் சென்சார் இருக்கிறது. நாம் வேகமாக நடந்தால் அதற்கேற்ப துடிப்பை அது கூட்டும். சமதரை நடைக்கு இது நன்றாக வேலை செய்யும். ஏற்றத்தில் நாம் மெதுவாகத்தான் அடி வைப்போம். உடலுக்கு உழைப்பு அதிகம், அசைவோ குறைவு. அசைவை மட்டும் பார்க்கும் சென்சார் இதை 'மெதுவான நடை' என்று கணக்கிட்டு, துடிப்பைப் போதுமான அளவு கூட்டாமல் போகலாம். துடிப்புக்குக் கருவியையே நம்பியிருப்பவருக்கு அப்போது மூச்சு வாங்கும், தலை லேசாகும். சமதரையில் 5 கிலோமீட்டர் நடப்பவர் இரண்டாவது மாடி ஏறத் திணறுவதற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம். பரிசோதனைக்குப் போகும்போது இதைச் சொன்னால் சென்சார் அமைப்பை மாற்றித் தர முடியும்.

எனவே ஸ்கந்தாஸ்ரமம் செல்ல விரும்புபவர்கள் முன்கூட்டியே மருத்துவரிடம் கேட்டு, காலை வேளையில், துணையோடு, நின்று நின்று ஏறலாம். மலை உச்சி வேண்டாம். 2024 டிசம்பரில் ஃபெஞ்சல் புயல் மழையில் இந்த மலையில் மண்சரிவு ஏற்பட்டு 7 பேர் உயிரிழந்தனர். அந்த ஆண்டு தீபத்துக்கு பக்தர்கள் மலையேறவே அனுமதிக்கப்படவில்லை.

செல்போன், சார்ஜர், சவுண்ட் பாக்ஸ்

செல்போனைக் கருவியிலிருந்து 15 சென்டிமீட்டர் தள்ளியே வையுங்கள். சட்டைப் பாக்கெட் வேண்டாம். கருவி இடதுபக்கம் இருந்தால் வலது காதில் பேசுங்கள். ஐபோன் 12 முதலான சில போன்களிலும், வயர்லெஸ் சார்ஜர், இயர்போன் டப்பா, ஸ்மார்ட் வாட்ச் சார்ஜர் போன்றவற்றிலும் காந்தம் இருக்கிறது. வலுவான காந்தம் மிக அருகில் வந்தால் பேஸ்மேக்கர் தற்காலிகமாக ஒரே வேகத்தில் துடிப்பைத் தரத் தொடங்கும். காந்தத்தை விலக்கினால் பழைய நிலைக்கு வந்துவிடும். அதிர்ச்சி தரும் ஐ.சி.டி. கருவி வைத்திருப்பவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். காந்தம் அதன் பாதுகாப்பையே நிறுத்தி வைக்கக்கூடும்.

விழா நாட்களில் சாலையோர ஜெனரேட்டருக்கும் பெரிய சவுண்ட் பாக்ஸுக்கும் பக்கத்தில் சாய்ந்து உட்காராமல் நாலடி தள்ளி உட்காருங்கள். மசாஜ் எடுப்பவர்கள் கருவி இருப்பதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். மின்தூண்டல் சிகிச்சை, காந்தப் படுக்கை இரண்டும் வேண்டாம்.

பக்கத்தில் எங்கே போகலாம்?

தென்பெண்ணையின் குறுக்கே கட்டப்பட்ட சாத்தனூர் அணை சுமார் 30 கிலோமீட்டரில் இருக்கிறது. பூங்காவும் முதலைப் பண்ணையும் பேரன், பேத்திகளோடு நிதானமாகச் சுற்றிப் பார்க்க ஏற்றவை. சென்னையிலிருந்து திண்டிவனம் வழியாகக் காரில் வருபவர்களுக்குச் செஞ்சிக் கோட்டை வழியிலேயே இருக்கிறது. ராஜகிரி உச்சிக்கு இளையவர்கள் ஏறட்டும். அடிவாரத்தில் இருக்கும் கல்யாண மகாலும் களஞ்சியமும் பெரியவர்களுக்குப் போதும்.

காரில் சீட் பெல்ட் அவசியம். கருவியின் மேல் உறுத்தினால் நடுவில் ஒரு மென்மையான துண்டை மடித்து வைத்துக்கொள்ளலாம். தோள்பையை மறுபக்கம் மாட்டுங்கள். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை இறங்கி நடங்கள். ஆட்டோ குலுங்கும்போது துடிப்பு சற்றுக் கூடினால் பயப்பட வேண்டாம். சில சென்சார்கள் குலுக்கலையும் நடையாக எடுத்துக்கொள்ளும்.

எப்போது 108-ஐ அழைக்க வேண்டும்?

மயக்கம், கண் இருட்டுதல், நெஞ்சு வலி, ஓய்வெடுத்தும் அடங்காத மூச்சுத்திணறல், கருவியில் அமைக்கப்பட்ட குறைந்தபட்ச எண்ணிக்கைக்கும் கீழே நாடித்துடிப்பு இறங்குவது... இவற்றில் எது வந்தாலும் பயணத்தை நிறுத்திவிட்டு 108-ஐ அழையுங்கள். திருவண்ணாமலையிலேயே அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. நிற்காத விக்கல், கருவி இருக்கும் இடத்தில் வீக்கம், சிவப்பு, நீர் வடிதல் இருந்தால் அன்றே மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

பையில் இருக்க வேண்டியவை

* பேஸ்மேக்கர் அடையாள அட்டை. அதன் படம் கூட வருபவரின் போனிலும் இருக்கட்டும்.
* இரண்டு நாட்களுக்குக் கூடுதலான மாத்திரைகள், மருந்துச் சீட்டு.
* கடைசிப் பரிசோதனை நடந்த தேதி, குறைந்தபட்சத் துடிப்பு எண், மருத்துவரின் தொலைபேசி எண் எழுதிய ஒரு தாள்.
* தண்ணீர், தொப்பி அல்லது குடை, சிறிய துண்டு.

கிளம்புவதற்கு முன் மருத்துவரிடம் வெறுமனே "திருவண்ணாமலைக்குப் போகலாமா?" என்று கேட்காதீர்கள். "14 கிலோமீட்டர் சமதரை, காலை ஐந்து மணிக்கு, வெறுங்காலோடு, எட்டு இடத்தில் உட்கார்ந்து நடக்கப் போகிறேன்" என்று விவரமாகச் சொல்லுங்கள். அப்போதுதான் அவராலும் உங்களுக்கேற்ற சரியான பதிலைச் சொல்ல முடியும்.