வண்டி நின்றபோது

கார் ஓட்டத் தெரியும் என்று ஒருவர் சொல்வதற்கு என்ன பொருள்? சாவியைத் திருப்பி, கியரைப் போட்டு, எதிரே வருவோர்மீது மோதாமல் ஊர் போய்ச் சேர்வதுதான் பொருள் என்றால், அக்கலையை ஓரிரு மாதங்களில் எவரும் கற்றுவிடலாம். ஆனால் வண்டி ஓடுவதற்கு மட்டும் உரியதன்று, நிற்பதற்கும் உரியது. நாம் நிறுத்தி நிற்பது ஒரு வகை. நம்மைக் கேளாமலே நின்றுவிடுவது மற்றொரு வகை. இந்த இரண்டாம் வகைக்கு ஆயத்தமாகாதவர் எத்தனை ஆண்டுகள் ஓட்டியிருந்தாலும் பாதி ஓட்டுநரே ஆவார். இதை நான் நூலில் படித்து அறியவில்லை. என் வலது புறங்கையில் இன்றும் வெளிறிக் கிடக்கும் தழும்பு எனக்குக் கற்பித்த பாடம் இது.

சென்ற மாதம் என் தங்கை மகள் வீட்டுக்கு வந்தாள். நாற்பதைத் தாண்டியவள். கணவர் வளைகுடாவில் இருக்கிறார். ஆண்டுக்கு ஒரு மாதமே ஊர்வாசம். மருத்துவமனைக்கும் பிள்ளைகளின் பள்ளிக்கும் பிறர் கையை எதிர்பார்த்து அலுத்துப்போய், பயிற்சிப் பள்ளியில் சேர்ந்து ஓட்டக் கற்றுக்கொண்டாள்.

"மாமா, லைசென்ஸ் வந்துவிட்டது. அடுத்த வாரம் உம்மாவை மதுரைக்குக் கண் மருத்துவரிடம் நானே கூட்டிப் போகிறேன். நீங்கள் துஆச் செய்யுங்கள்" என்றாள்.

"செய்கிறேன், மகளே. முதலில் டிக்கியைத் திறந்து ஜாக்கியை எடு" என்றேன்.

அவள் திகைத்தாள். உடன் வந்திருந்த என் தங்கை மட்டும் திகைக்கவில்லை. என் கையைப் பார்த்துவிட்டு மெல்லச் சிரித்தாள். அந்தச் சிரிப்பின் பொருளைச் சொல்வதற்கு நான் நாற்பது ஆண்டுகளுக்கு மேல் பின்னோக்கிச் செல்ல வேண்டும்.

கீழக்கரையில் எங்கள் வீட்டில் அப்போது ஒரு பழைய அம்பாசடர் இருந்தது. இங்கிலாந்தின் மோரிஸ் ஆக்ஸ்போர்டு காரின் வார்ப்பில் உருவாகி, 2014ஆம் ஆண்டு வரை நம் நாட்டில் உற்பத்தியான வண்டி அது. கியர்த் தண்டு ஸ்டியரிங்கின் கழுத்திலே இருக்கும். வாப்பா அதை இரண்டாம் கையாக வாங்கியிருந்தார். எனக்கு ஓட்டக் கற்றுத் தந்தவர் எங்கள் ஓட்டுநர் அண்ணன்தான். எழுதப் படிக்கத் தெரியாத அவருக்கு அந்த வண்டியின் இருமலும் பெருமூச்சும் தெரியும்.

முதல் மூன்று நாள் அவர் என்னை எஞ்சினைக் கிளப்பவே விடவில்லை. நின்ற வண்டியில் அமர்ந்து, கண்ணை மூடிக்கொண்டு கிளச்சையும் பிரேக்கையும் கை பிரேக்கையும் தொட்டுக் காட்டச் சொன்னார். பின்னர் ஓட விட்டார். ஓட விட்டதைக் காட்டிலும் நிறுத்தச் சொன்னதே அதிகம். "தம்பி, வேகம் இரண்டு மடங்கானால் வண்டி நிற்கிற தூரம் இரண்டு மடங்கு ஆகாது, நாலு மடங்கு ஆகும்" என்பார். அவர் அனுபவத்தில் கண்டது இயற்பியல் விதியே என்பதைப் பின்னாளில் அறிந்தேன். 60 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் வண்டி, நாம் ஒரு நொடி திகைத்து நிற்பதற்குள் ஏறத்தாழ 17 மீட்டர் கடந்துவிடுகிறது. அதற்குப் பிறகே பிரேக் தன் வேலையைத் தொடங்கும்.

டயர் வெடித்தால் பிரேக்கை மிதிக்காதே. ஸ்டியரிங்கை இறுகப் பிடித்து, ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்து, வண்டி தானே வேகம் தணிந்த பின் ஓரங்கட்டு. பிரேக் பிடிக்காவிட்டால் மிதியை விட்டுவிட்டு மீண்டும் மீண்டும் மிதித்துப் பார். கியரை ஒவ்வொன்றாகக் கீழே இறக்கு. கை பிரேக்கைச் சிறிது சிறிதாக இழு. இவையெல்லாம் அவர் பாடங்கள். அனைத்துக்கும் மேலாக அவர் அடிக்கடி சொன்னது ஒன்றுண்டு: "வழியில் வண்டி நின்றால் முதலில் வண்டிக்குள் இருக்கிற ஆளைப் பார். பிறகு பின்னால் வருகிற வண்டியைப் பார். கடைசியில்தான் உன் வண்டியைப் பார்க்க வேண்டும்."

நான் தலையாட்டினேன். தலையாட்டுவது எளிது.

1981ஆம் ஆண்டு கோடையில் என் தங்கைக்குத் தலைப்பிரசவம். வலி கண்டு ஓர் இரவு முழுதும் கழிந்தபின், மருத்துவச்சி உம்மாவைத் தனியே அழைத்து, குழந்தை திரும்பிக் கிடக்கிறது, தாமதியாமல் மதுரைக்குக் கொண்டு செல்லுங்கள் என்றார். ஓட்டுநர் அண்ணன் விடுப்பில் ஊருக்குப் போயிருந்தார். வாப்பா என்னைப் பார்த்தார். "ஓட்டிவிடுவாயா?" என்று கேட்டார். "ஓட்டிவிடுவேன், வாப்பா" என்றேன். சுபுஹுத் தொழுகை முடிந்ததும் புறப்பட்டோம். 120 கிலோமீட்டருக்கும் மேற்பட்ட பாதை அது.

இராமநாதபுரத்தையும் பரமக்குடியையும் கடந்து, பார்த்திபனூரும் பின்னால் சென்றது. இரு மருங்கிலும் சீமைக்கருவேலங்காடு. நடுவே காலை வெயிலில் மின்னும் சாலை. அப்போது முகப்பில் ஒரு சிறிய சிவப்பு விளக்கு எரிந்தது. நான் அதைப் பார்த்தேன். பார்த்தும் ஓட்டினேன். பின் இருக்கையில் தங்கை முனகிக்கொண்டிருக்க, ஒரு விளக்குக்காக வண்டியை நிறுத்துவதா என்று எண்ணினேன். உண்மையைச் சொன்னால், நிறுத்தினால் என்ன செய்வது என்று தெரியாத அச்சமும் அவ்வெண்ணத்துக்குள் ஒளிந்திருந்தது.

அந்த விளக்கு சொன்ன செய்தி இது: ஃபேன் பெல்ட் அறுந்துவிட்டது. அந்த ஒரே வார்தான் டைனமோவையும், விசிறியையும், எஞ்சினைக் குளிர்விக்கும் நீரைச் சுழலச் செய்யும் பம்பையும் ஓட்டுவது. அது அறுந்தால் முதலில் மின்சாரம் உற்பத்தியாவது நின்று விளக்கு எரியும். தொடர்ந்து எஞ்சின் சூடேறும். பெல்ட்டில் வெடிப்பு விழுந்திருக்கிறது, புதிது ஒன்று வாங்கி வையுங்கள் என்று ஓட்டுநர் அண்ணன் ஒரு மாதத்துக்கு முன்பே என்னிடம் சொல்லியிருந்தார். நாளை, நாளை என்று தள்ளியவன் நான். ஆகவே குற்றம் வண்டியுடையதன்று.

சில கிலோமீட்டருக்குள் பானெட்டின் இடுக்கிலிருந்து ஆவி பீறிட்டது. வண்டியை நடுச்சாலையிலிருந்து அரைகுறையாக ஒதுக்கி நிறுத்திவிட்டு நான் இறங்கி ஓடினேன். தங்கையைத் திரும்பிப் பார்க்கவில்லை. பின்னால் என்ன வருகிறது என்றும் நோக்கவில்லை. நேரே பானெட்டைத் தூக்கி, ஒரு துணியைச் சுற்றிக்கொண்டு ரேடியேட்டர் மூடியைத் திருகினேன்.

ரேடியேட்டருக்குள் இருக்கும் நீர் அழுத்தத்தில் அடைபட்டுக் கிடப்பது. அந்த அழுத்தத்தால் அது 100 டிகிரியைக் கடந்தும் கொதியாமல் இருக்கும். மூடி திறந்து அழுத்தம் நீங்கிய அக்கணமே அது பொங்கி ஆவியாகப் பாய்கிறது. அன்று அது என் கையின்மீது பாய்ந்தது. முகத்தை விலக்கியிருந்ததால் கண் தப்பியது, இறைவனுக்கே புகழ். நான் அலறியதைக் கேட்டு உம்மாவும் அலறினார்.

எதிரே மதுரையிலிருந்து வந்த ஒரு லாரி நின்றது. அதன் ஓட்டுநர் இறங்கி வந்தார். என் எஞ்சினை அவர் ஏறெடுத்தும் பார்க்கவில்லை. "உள்ளே யார் இருக்கிறார்கள்?" என்பதே அவர் கேட்ட முதற்கேள்வி. வாப்பா விவரம் சொன்னார். உடனே கிளீனர் பையனை ஏவி, எங்கள் வண்டிக்கு ஐம்பது அடி பின்னால் ஒரு கருவேலங்கிளையைச் சாலையோரம் போட்டு, அது நகராதிருக்க இரண்டு கற்களையும் வைக்கச் செய்தார். பின்னர் தாமே சாலை நடுவே நின்று, மதுரை செல்லும் பேருந்து ஒன்றை மறித்தார். நடத்துனரும் பயணிகளும் மனமிரங்கினர். பின் இருக்கை முழுவதையும் விட்டுக்கொடுத்தனர். இடையில் எங்கும் நிற்காமல் செல்வதாக அந்த ஓட்டுநர் வாக்களித்தார். உம்மாவும் வாப்பாவும் தங்கையைத் தாங்கிக்கொண்டு ஏறினர். வண்டி நின்ற பின் பத்து நிமிடங்களுக்குள் அவள் மீண்டும் மதுரைச் சாலையில் சென்றுகொண்டிருந்தாள். என் ஒருவனை நம்பியிருந்தால், எஞ்சினைப் பார்த்து நின்றே அவளுடைய காலத்தைக் கரைத்திருப்பேன்.

அதன்பின் என் கையைப் பிடித்து, தம் லாரியின் நீர்க்குடத்தைச் சாய்த்து நெடுநேரம் தண்ணீர் ஊற்றினார். வேறு எந்தக் களிம்பும் தடவவில்லை. வெந்த இடத்தில் இருபது நிமிடம் ஓடும் நீர் படவேண்டும் என்று இன்றைய மருத்துவர்கள் சொல்லும்போதெல்லாம் அவர் நினைவு வரும். மூன்றாவதாகத்தான் அவர் வண்டியைத் தொட்டார். அரைமணி நேரம் ஆற விட்டார். கொதிக்கும் எஞ்சினில் குளிர்ந்த நீரை ஊற்றினால் இரும்பு விரிசல் காணும் என்றார். நைலான் கயிற்றை முறுக்கி, டைனமோவை விட்டுவிட்டு, பம்பையும் எஞ்சினின் கப்பியையும் மட்டும் இணைத்து இறுகக் கட்டினார். எஞ்சினை மெதுவாக ஓடவிட்டு, நீரைச் சிறிது சிறிதாக வார்த்தார். "மானாமதுரை வரைக்கும் இது தாங்கும். இரண்டு இடத்தில் நிறுத்தி ஆறவிட்டுப் போங்கள்" என்றார். பணம் கொடுத்தேன், வாங்கவில்லை.

புறப்படும் முன் கிளீனர் பையன் ஓடிச் சென்று கிளையையும் கற்களையும் அப்புறப்படுத்தினான். "நம் கஷ்டம் தீர்ந்தது. கல்லை விட்டுப் போனால் இராத்திரி வருகிறவனுக்கு அது கஷ்டம்" என்றார் அந்த ஓட்டுநர். பாதையில் கிடக்கும் இடரை அகற்றுவதன் சிறப்பைப் பள்ளிவாசலில் எத்தனையோ முறை கேட்டிருக்கிறேன். அதைக் கண்ணால் கண்டது அன்றுதான்.

மாலையில் நான் மதுரை மருத்துவமனையை அடைந்தபோது வாப்பா வாசலில் நின்றிருந்தார். பெண் குழந்தை; அறுவை செய்து எடுத்தார்கள்; இருவரும் நலம். இன்னும் ஒரு மணி நேரம் கழிந்திருந்தால் சொல்வதற்கில்லை என்றாராம் மருத்துவர். வாப்பா என்னை ஒரு சொல்லும் கடிந்துகொள்ளவில்லை. கட்டுப் போட்ட என் கையை எடுத்துத் தம் கையில் வைத்துக்கொண்டார். அந்த மௌனம் வெந்நீரைக் காட்டிலும் சுட்டது.

அந்தக் குழந்தைதான் சென்ற மாதம் கையில் லைசென்ஸுடன் என் முன் நின்றவள்.

இன்றைய கார்கள் வேறு. விசிறி பெரும்பாலும் மின்சாரத்தில் ஓடுகிறது. கைப்பேசி இருக்கிறது; 108ஐ அழைத்தால் ஆம்புலன்ஸ், 112ஐ அழைத்தால் எந்த அவசர உதவியும், தேசிய நெடுஞ்சாலையில் 1033ஐ அழைத்தால் சாலை உதவியும் கிடைக்கும். விபத்தில் சிக்கியவருக்கு நல்லெண்ணத்துடன் உதவுவோரை வழக்கில் இழுத்து அலைக்கழிக்கலாகாது என 2016இல் உச்ச நீதிமன்றம் நெறிகளை உறுதிசெய்தது. 2019இல் மோட்டார் வாகனச் சட்டத்திலும் அதற்கெனத் தனிப் பிரிவு சேர்ந்தது. எனவே போலீசுக்கு அஞ்சி ஒதுங்கிச் செல்ல இனி எவருக்கும் காரணமில்லை. எனினும் முகப்பில் சிவப்பு விளக்கு எரிந்தால் உடனே ஓரங்கட்டி நிறுத்த வேண்டும், மஞ்சள் எரிந்தால் விரைவில் பழுது பார்க்க வேண்டும் என்பதைக் கைப்பேசி நமக்காக முடிவு செய்யாது. அந்த முடிவு ஓட்டுபவருடையது.

ஆகவே அன்று முற்றத்தில் அவளைச் சக்கரம் மாற்ற வைத்தேன். கை பிரேக்கை இழுத்து, மூலைக்கு மூலை எதிரான சக்கரத்துக்குக் கல் அண்டை கொடுத்தாள். வண்டியைத் தூக்கும் முன்னரே, சக்கரம் தரையில் அழுந்தியிருக்கும்போதே, நட்டுகளைத் தளர்த்தச் சொன்னேன். கை வலிமை போதாதபோது ஸ்பேனரின் மீது காலால் அழுத்தக் கற்றாள். மண்ணில் புதையாதிருக்க ஜாக்கியின் அடியில் ஒரு பலகை வைத்தாள். ஜாக்கி தாங்கும் வண்டிக்கடியில் எக்காரணம் கொண்டும் தலையை நீட்டாதே என்றேன். ஸ்டெப்னியை மாட்டி, நட்டுகளை வரிசையாக அல்லாமல் எதிரெதிராக முடுக்கி, வண்டியை இறக்கியபின் மீண்டும் ஒருமுறை இறுக்கினாள். முதல்முறை முக்கால் மணி ஆயிற்று. இரண்டாம் முறை இருபத்தைந்து நிமிடம்.

"இப்போது தேறிவிட்டேனா, மாமா?" என்று கரி படிந்த கைகளுடன் கேட்டாள்.

"இன்னும் ஒரு கேள்வி. வழியில் வண்டி நின்றால் முதலில் எதைப் பார்ப்பாய்?"

அவள் சற்றும் யோசிக்கவில்லை. "உம்மாவை" என்றாள்.

அடுத்த வாரம் அவர்கள் மதுரைக்குப் புறப்பட்ட காலையில் நான் திண்ணையில் நின்று பார்த்தேன். சாவியைத் திருப்பும் முன் அவள் வண்டியை ஒருமுறை சுற்றி வந்தாள். நான்கு சக்கரங்களையும் நோக்கினாள். டிக்கியில் தண்ணீர்ப் புட்டிகளும் எச்சரிக்கை முக்கோணமும் இருப்பதைப் பார்த்துக்கொண்டாள். என் தங்கை பின் இருக்கையிலிருந்து கையசைத்தாள். பார்த்திபனூரைக் கடந்ததும் வண்டியை ஓரமாக நிறுத்தி, எனக்கு ஒரு வார்த்தை சொல்ல வேண்டும் என்று கேட்டுக்கொண்டேன். பத்து மணிக்கு அந்த அழைப்பு வந்தது.