பன்றிக்கு எந்தத் துப்பாக்கி?

அரசுப் பணியில் இருந்த காலத்தில் சில ஆண்டுகள் ஆயுத உரிமக் கோப்புகள் என் மேஜைக்கு வந்துகொண்டிருந்தன. 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் 13ஆம் பிரிவு இன்னும் மனப்பாடமாக இருக்கிறது. தற்காப்புக்கோ விளையாட்டுக்கோ என்றால் குழல் 20 அங்குலத்துக்குக் குறையாத, உள்ளே வரியில்லாத துப்பாக்கி. பயிர்ப் பாதுகாப்புக்கு என்றால் வாய்வழியாக மருந்து கெட்டிக்கும் நாட்டுத் துப்பாக்கி. மனுக்களில் "பன்றித் தொல்லை" என்று எழுதியிருப்பார்கள். காவல்துறை அறிக்கை இருக்கிறதா, சொத்து விவரம் இருக்கிறதா, முத்திரை சரியா என்று பார்த்துக் கோப்பை மேலே அனுப்புவது என் வேலை. எந்தத் தோட்டா போடப் போகிறீர்கள், எங்கே நின்று சுடுவீர்கள் என்று கேட்க எங்கள் படிவத்தில் இடமே கிடையாது.

அந்தக் கேள்விகளை நான் முதன்முதலாகக் கேட்டது பிரான்சில், 2022 அக்டோபரில், என் அக்காள் மகனோடு ஒரு துப்பாக்கிக் கடைக்குப் போனபோதுதான்.

நம் புதுச்சேரி வாசகர்களுக்கு விளக்கத் தேவையில்லை. அத்தான் சொல்தா. அல்ஜீரியப் போரின் கடைசிக் காலத்தில் சேர்ந்து, அஜுதானாக ஓய்வு பெற்று, பான்சியோனோடு ஒர்லேயானுக்குத் தெற்கே சொலோஞ் பகுதியில் ஒரு கிராமத்தில் வீடு வாங்கிக்கொண்டவர். காடும் குளமும் சதுப்பும் நிறைந்த சமதரை. பிரெஞ்சுக்காரர்களைக் கேட்டால் வேட்டைக்குப் பேர்போன சீமை என்பார்கள். மருமகனுக்கு நாற்பது தாண்டிவிட்டது. பக்கத்து வீட்டுக்காரர்கள் எல்லாரும் ஊர் வேட்டைச் சங்கத்தில் இருக்கிறார்கள். அவனும் அந்த ஆண்டு பெர்மி எழுதித் தேறிவிட்டான்.

அங்கே காட்டுப்பன்றியை, அவர்கள் மொழியில் சங்லியேவை, சுடுவது பொழுதுபோக்கு மட்டுமல்ல. 1970களின் தொடக்கத்தில் நாடு முழுவதும் ஆண்டுக்கு 40,000 பன்றிகள்கூட வேட்டையில் விழவில்லை. 2020-21 பருவத்தில் சுமார் 8 லட்சம். மக்காச்சோளம் அதிகமானது, குளிர் குறைந்தது, ஓக் மரங்கள் நன்றாகக் காய்ப்பது என்று காரணம் சொல்கிறார்கள். பயிர்ச் சேதத்துக்கு விவசாயிகளுக்கு நஷ்டஈடு கொடுப்பது வேட்டைக்காரர் சம்மேளனங்களின் பொறுப்பு. ஆகவே குறைவாகச் சுட்டால் அவர்கள் பைக்கே சேதம்.

சாப்பாட்டு மேஜையில் துப்பாக்கிப் பேச்சு வந்தது. மருமகன் மனதில் .300 வின்செஸ்டர் மாக்னம் இருந்தது. "மாமா, அதுதான் சக்தி. பெரிய ஆண் பன்றிகூட நின்ற இடத்திலேயே விழும்" என்றான். அத்தான் சிரித்தார். அக்காள் மட்டும் ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

"அந்தக் குண்டு பன்றியில படலைன்னா எதுவரைக்கும்டா போகும்?"

அவன் பதில் சொல்லவில்லை. அக்காள் ஏன் கேட்டாள் என்று எல்லாருக்கும் தெரியும். இலையுதிர் காலத்தில் அந்தக் காட்டோரம் ஷத்தேஞ் பொறுக்கப் போவது அவள் பழக்கம். வேகவைத்தால் நம் பலாக்கொட்டை போல மாவாக இருக்கும். அதற்கு இரண்டு வருஷம் முன்னால், 2020 டிசம்பரில், தெற்கே ஓரிடத்தில் தன் வீட்டருகே விறகு வெட்டிக்கொண்டிருந்த ஓர் இளைஞரைப் பன்றி என்று நினைத்து ஒரு வேட்டைக்காரர் சுட்டுவிட்டார். பையன் இறந்துபோனான். நாடே கொந்தளித்து, செனட் சபை வரை விவகாரம் போனது. அக்காள் அதை மறக்கவில்லை.

மறுநாள் கடைக்குப் போனோம். கடைக்காரர் என் வயதுக்காரர். லிசேயில் படித்த என் பிரெஞ்சு கொஞ்சம் பழைய பிரெஞ்சு; அது அவருக்குப் பிடித்துவிட்டது. மாக்னம் என்று மருமகன் சொன்னதும் அவர் எந்தத் துப்பாக்கியையும் எடுக்கவில்லை. மூன்று கேள்வி கேட்டார். எங்கே நிற்பாய்? எவ்வளவு தூரத்தில் சுடுவாய்? பருவம் தொடங்குமுன் எத்தனை தோட்டா சுட்டுப் பழகுவாய்?

முதல் கேள்விக்குப் பதில், பத்தூ. அதாவது விரட்டு வேட்டை. நாய்களும் ஆட்களும் உள்ளே புகுந்து கலைக்க, துப்பாக்கிக்காரர்கள் காட்டுப் பாதையோரம் ஒரே வரிசையில் நிற்பார்கள். பன்றி பாதையைக் கடக்கும். தூரம் 20 மீட்டரிலிருந்து 60 மீட்டர். கண்ணில் படுவது இரண்டு மூன்று விநாடி. இந்த வேலைக்கு, 300 மீட்டருக்கு அப்பால் மலைச்சரிவில் நிற்கும் மானுக்காகச் செய்த வேகம் எதற்கு என்றார் கடைக்காரர். 30 மீட்டரில் அந்த வேகத்தோடு மோதும் மெல்லிய குண்டு உடைந்து சிதறும், இறைச்சி பாழாகும். தோளில் வாங்கும் உதையும் பெரிது. உதைக்குப் பயந்தவன் விசையை இழுக்கும்போதே கண்ணை மூடுவான். கண்ணை மூடிச் சுட்டால் எவ்வளவு சக்தி இருந்தும் பயனில்லை.

பிறகு ஒன்றொன்றாக எடுத்து வைத்தார். கேட்டதை முடிந்தவரை சொல்கிறேன்.

முதலில் 12 போர் துப்பாக்கி. நம் ஊரில் தெரிந்ததும் அதுதான். என் தாத்தா வீட்டில் செந்தேத்தியேன் நகரத்து மனுஃப்ரான்ஸ் கம்பெனியின் தடித்த கேட்டலாக் ஒன்று கிடந்தது. சைக்கிளிலிருந்து தையல் மெஷின் வரை எல்லாம் இருக்கும். அதில் 'ரொபுஸ்த்' என்ற இரட்டைக்குழல் துப்பாக்கியின் படத்தைப் பார்த்தே நாங்கள் வளர்ந்தோம். அந்தத் துப்பாக்கிகள் இன்னும் அங்கே பல வீடுகளில் இருக்கின்றன. ஆனால் பன்றிக்கு அதில் ரவைத் தோட்டா போடக்கூடாது. சிறிய ரவை தோலைத் தாண்டாது. பெரிய ரவை தூரம் போகப் போக விரிந்து, ஒன்று வயிற்றிலும் ஒன்று காலிலும் படும். பன்றி ஓடிப்போய் மூன்று நாள் புதரில் கிடந்து சாகும். அதனால் சில மாவட்டங்களில் கொடுத்த விலக்கு தவிர, பிரெஞ்சுச் சட்டம் பெரிய விலங்குக்கு ரவையைத் தடுத்திருக்கிறது. ஒற்றைக் குண்டுதான். வில்ஹெல்ம் ப்ரெனெகே என்ற ஜெர்மானியர் 1898இல் செய்த குண்டு இன்றும் அவர் பெயரிலேயே விற்கிறது. சுமார் 30 கிராம் ஈயம். 50 மீட்டருக்குள் நன்றாக வேலை செய்யும், அதற்குமேல் கீழே இறங்கத் தொடங்கும். குறைந்த செலவில் தொடங்க நினைப்பவருக்கு இதில் தவறொன்றும் இல்லை.

அடுத்தது ரைபிள். 100 மீட்டரில் 1,000 ஜூலுக்குக் குறைவான சக்தி உள்ளதைப் பெரிய விலங்குக்குப் பயன்படுத்தக்கூடாது என்று சட்டம். கடையில் இருந்த பெரிய தோட்டாக்கள் எல்லாமே அதைத் தாண்டியவை. .30-06க்கு ஏறக்குறைய மூன்று மடங்கு. 7x64 என்ற அளவு அங்கே வீட்டுக்கு வீடு இருப்பதற்கு ஒரு காரணம் உண்டு. 2013 செப்டம்பர் வரை ராணுவங்கள் பயன்படுத்திய தோட்டா அளவுகளை வேட்டைக்காரர் சாதாரணமாக வைத்துக்கொள்ள முடியாது. ஆகவே எந்த ராணுவமும் எடுத்துக்கொள்ளாத 7x64ஐ எல்லாரும் வாங்கினார்கள். அத்தானுக்கு இது வேடிக்கை. "பதினைந்து வருஷம் என் கையில குடுத்து சுடச் சொன்னவங்க, வீட்டுக்கு வந்ததும் அது ஆகாதுன்னாங்க" என்பார். கனமான பன்றிக்கு 9.3x62 என்று ஒன்று இருக்கிறது. பெர்லின் துப்பாக்கிக் கம்மியர் ஓட்டோ போக் 1905இல் ஆப்பிரிக்காவுக்குப் போன ஜெர்மன் குடியேறிகளுக்காகச் செய்தது. குண்டு 16 முதல் 19 கிராம். வேகம் குறைவு, தள்ளு அதிகம்.

துப்பாக்கியின் அமைப்பும் பலவகை. இரண்டு குழல் எக்ஸ்பிரஸ், கையால் இழுத்துத் தோட்டா ஏற்றுவது, தானே ஏற்றிக்கொள்ளும் ஆட்டோமாடிக். கடைசி வகையில் மூன்று தோட்டாவுக்கு மேல் கூடாது. மூன்றாவது தோட்டா தேவைப்படுகிறவன் முதல் தோட்டாவை அவசரப்பட்டுச் சுட்டவன் என்றார் கடைக்காரர்.

குண்டைத் தேர்வதும் துப்பாக்கியைத் தேர்வது போலத்தான். முழுக்கச் செம்பு உறை போட்ட ராணுவக் குண்டு ஊசி போல உள்ளே நுழைந்து மறுபக்கம் போய்விடும். அது பன்றிக்கும் கேடு, அப்பால் இருப்பவருக்கும் கேடு. முனை விரியும் குண்டு வேண்டும். வளர்ந்த ஆண் பன்றிக்குத் தோள்பட்டையில் விரல் கனத்துக்குக் கெட்டித்தோல் கவசம் இருக்கும். அதைத் துளைத்தபின்தான் குண்டு விரிய வேண்டும். எனவே ஈயம் உறையை விட்டுப் பிரியாதபடி ஒட்டியதோ, முழுத் தாமிரமோ நல்லது. குறியையும் சொல்லிக்கொடுத்தார்: பன்றியின் இதயம் நாம் நினைப்பதைவிடத் தாழ்வாக, முன்னங்காலை ஒட்டி இருக்கிறது. முதுகு மயிர் சிலிர்த்து நிற்பதால் உடம்பு உயரமாகத் தெரியும். புதியவர்கள் மேலே சுட்டுவிடுவார்கள்.

அப்போது அக்காளின் கேள்வியை நான் கேட்டேன். அவர் மழுப்பவில்லை. "12 போர் குண்டு ஒரு கிலோமீட்டருக்கு மேல் போகும். ரைபிள் குண்டு மூன்று கிலோமீட்டர், சிலது ஐந்து. இங்கே மலை கிடையாது, நடுவில் தடுக்க ஒன்றும் இல்லை. அதனால்தான் உயரத்தில் நிற்கிறோம்" என்றார்.

சொலோஞ் காட்டுப் பாதையோரம் ஆள் உயரத்துக்கு மரப் பரண்கள் வைத்திருக்கிறார்கள். மேலே நின்று சுட்டால் குண்டு கீழ்நோக்கிப் போகும்; தவறினாலும் பன்றிக்குப் பின்னால் உள்ள மண்ணில் புதையும். இரண்டு பக்கத்திலும் அடுத்த ஆள் நிற்கும் திசையிலிருந்து 30 பாகைக்குள் சுடக்கூடாது. அதை அளக்க ஒரு எளிய வழி: அடுத்த ஆளை நோக்கி ஐந்து எட்டு நட, அங்கிருந்து காட்டுப் பக்கம் மூன்று எட்டு நட, அங்கே ஒரு குச்சி நடு. நின்ற இடத்திலிருந்து அந்தக் குச்சிக்கு இந்தப்புறம் சுடவே கூடாது. பெர்மி தேர்வில் துப்பாக்கி முனை ஆள் பக்கம் திரும்பினால் அங்கேயே வீட்டுக்கு அனுப்பிவிடுவார்களாம். குமாஸ்தாவாக இருந்த எனக்கு இந்த ஐந்து எட்டு, மூன்று எட்டுக் கணக்கு மிகவும் பிடித்திருந்தது. எந்த முத்திரையும் தாளும் செய்யாத வேலையை ஒரு குச்சி செய்கிறது.

கடைசியில் மருமகன் எடுத்தது கையால் இழுக்கும் .30-06 ரைபிள். குழல் குட்டை, பரணில் திருப்ப வசதி. மேலே ஒன்றிலிருந்து நான்கு மடங்கு மட்டும் பெரிதாக்கும் தொலைநோக்கி. அதிகமாகப் பெரிதாக்கினால் பன்றியின் மயிர் தெரியும், பக்கத்தில் வரும் நாயும் ஆளும் தெரியமாட்டார்கள். மாக்னத்தில் மிச்சமான பணத்துக்குத் தோட்டா வாங்கி, கம்பியில் ஓடும் பன்றிப் படத்தைச் சுடும் மைதானத்தில் நான்கு சனிக்கிழமை பழகினான். வீட்டில் துப்பாக்கிக்குப் பூட்டிய இரும்புப் பெட்டி, தோட்டாவுக்கு வேறிடம். இரண்டாவது சாவி அக்காளிடம்.

முதல் பருவத்தில் ஏழு வேட்டைக்குப் போனான். சுட்டது இரண்டு முறை. மற்ற நேரங்களில் பன்றி குச்சிக்கு இந்தப்புறமாக வந்தது, அல்லது அதன் பின்னால் மண் தெரியவில்லை. நண்பர்கள் கேலி செய்தார்கள் என்று போனில் சொன்னான். விழுந்த ஒரு பன்றி 60 கிலோ. பங்கில் வந்த தொடையை அக்காள் மிளகு அரைத்து, வினிகர் ஊற்றி, நன்றாக வேகவைத்தாள். காட்டுப்பன்றி இறைச்சியில் புழு இருக்கலாம், அரைவேக்காடு கூடாது.

நம் பக்கம் 1972 வனவிலங்குச் சட்டத்துக்குப் பிறகு யாரும் கடைக்குப் போய்ப் பன்றிக்குத் துப்பாக்கி கேட்க முடியாது. அவுட்டுக்காயும் மின்வேலியும் வைத்து யானையையும் மாட்டையும் சில சமயம் சொந்தக்காரனையும் கொல்கிறோம். 2025 ஜனவரியில் தமிழ்நாடு அரசு ஓர் ஏற்பாட்டை அறிவித்தது. காப்புக்காட்டிலிருந்து ஒரு கிலோமீட்டர் வரை சுடக்கூடாது, மூன்று வரை பிடித்துக் காட்டில் விட வேண்டும், அதற்கப்பால் வனத்துறையினர் சுடலாம். அதிலும் முதலில் பார்ப்பது பன்றி நிற்கும் இடத்தைத்தான். சுடப்போகும் ஊழியர்களுக்கு எங்கே நிற்பது, பின்னால் யார் வீடு என்றும் சொல்லிக்கொடுத்தால் நன்றாயிருக்கும். நம் வயல்களில் இரவிலும் மோட்டார் போட ஆள் நடக்கிறான்.

ஊர்ச் சங்கம் பத்தூ நாட்களை மேரியில் ஒட்டுகிறது. அக்காள் அந்தத் தாளின் நகலைக் குளிர்பெட்டியில் ஒட்டி வைத்திருக்கிறாள். கடைசியாகப் பேசியபோது, இந்த வருஷம் ஷத்தேஞ் நிறைய என்றாள். புதன்கிழமைகளில் போகிறாளாம்; ஆரஞ்சு நிறச் சட்டை ஒன்றும் மகன் வாங்கிக் கொடுத்திருக்கிறான்.