பகல் தூக்கத்துக்கு என்ன விரிக்கலாம்?

போன வாரம், மூன்றாம் வகுப்பில் என்னிடம் படித்த ஒரு பெண் போன் செய்தாள். இப்போது மேடவாக்கத்தில் இருக்கிறாள். வேலையை விட்டுவிட்டு வீட்டிலேயே ஐந்தாறு குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளலாம் என்று யோசனையாம். "டீச்சர், மத்தியானம் பசங்க தூங்க என்ன பெட் வாங்கலாம்? ஆன்லைன்ல தலையணை, குட்டி மெத்தை எல்லாம் செட்டா வருது, அழகா இருக்கு" என்றாள். "இரும்மா, எழுதியே போடறேன்" என்று சொல்லிவிட்டேன். பேரன் பேத்தி பார்த்துக்கொள்ளும் என் அக்காமார், அண்ணிமாரும் படிக்கட்டும்.

ரிட்டையர் ஆனபின் நானும் தங்கையும் சேலையூர் வீட்டு முன்ஹாலில் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டது உங்களில் பலருக்குத் தெரியும். அம்மாக்களில் சிலருக்கு மெப்ஸில் வேலை, சிலருக்கு ஓ.எம்.ஆர். கம்பெனிகளில். காலையில் கேப் ஹாரன் அடிக்கும்போதே பிள்ளையை என் கையில் திணித்துவிட்டு ஓடுவார்கள். டீச்சர் டிரெயினிங்கில் பாடம் நடத்தச் சொல்லிக் கொடுத்தார்கள். பிள்ளைகளைத் தூங்க வைக்க யாரும் சொல்லித் தரவில்லை.

முதலில் செய்த தப்பு ஜமுக்காளம். கல்யாணத்துக்கு வாங்கிய பெரிய பவானி ஜமுக்காளம் ஒன்று பரணில் இருந்தது. அதை விரித்து எட்டுப் பிள்ளைகளையும் வரிசையாகப் படுக்க வைத்தோம். பார்க்கக் கண்ணுக்கு நிறைவாக இருந்தது. இரண்டு மாதம் கழித்து ஒரு பையன் ராத்திரியெல்லாம் விரல் இடுக்கைச் சொறிகிறான் என்றார்கள். அடுத்து இன்னொரு பெண், அடுத்து என் தங்கை, கடைசியில் நான். டாக்டர் பார்த்ததும் சிரங்கு என்றார். ஒரு வீட்டில் ஒருவருக்கு வந்தால் எல்லோரும் ஒரே நாளில் மருந்து தடவ வேண்டும், இல்லாவிட்டால் சுற்றிச் சுற்றி வரும். துணியைச் சுடுதண்ணீரில் துவைத்து வெயிலில் போட வேண்டும். துவைக்க முடியாததை ஒரு வாரம் பையில் கட்டி வைத்தால் போதும், மனித உடம்பில்லாமல் அந்தப் பூச்சி சில நாள்தான் தாங்கும். அந்த ஜமுக்காளத்தை நனைத்துப் பிழிய இரண்டு பேர் வேண்டியிருந்தது. காய மூன்று நாள் ஆனது.

அதன்பிறகு ஆளுக்கொரு படுக்கை. ஒரு கோரைப்பாய், மேலே இரண்டாக மடித்த பழைய வேட்டி, போர்த்த ஒரு மெல்லிய துணி. படுக்கையில் ஒன்றுக்குப் போகிற பிள்ளைக்கு மட்டும் வேட்டிக்கு அடியில் ரப்பர் ஷீட். துணிகளை அவரவர் மஞ்சப்பையில் போட்டு ஆணியில் மாட்டிவிடுவோம். எழுத்துத் தெரியாத வயசு என்பதால் பையில் பேருக்குப் பதில் யானை, கிளி, மாங்காய், பட்டம் என்று தைத்துக் கொடுத்தேன். "என் யானை எங்கே" என்று அவர்களே எடுத்து வருவார்கள். வெள்ளிக்கிழமை பை வீட்டுக்குப் போகும், திங்கட்கிழமை துவைத்து வரும். வராத பையைத் தங்கையே துவைத்துவிடுவாள், அந்த அம்மாவிடம் ஒரு வார்த்தை கேட்கமாட்டாள். படுக்க வைக்கும்போது ஒருவருக்குத் தலைமாடு, அடுத்தவருக்குக் கால்மாடு. ஒருவர் இருமினால் இன்னொருவர் முகத்தில் படாது.

பிளாஸ்டிக் பாய் வேண்டாம். துடைக்கச் சுலபம்தான், ஆனால் நம்மூர் சித்திரை வெயிலில் பிள்ளையின் முதுகில் வேர்க்குரு வரிசை கட்டும். பத்தமடைப் பாய் நைஸாக இருக்கும், அதைச் சீருக்கு வைத்துக்கொள். ஐப்பசி, கார்த்திகையில் தரையில் ஓதம் ஏறும். முடிச்சூர் பக்கம் 2015 வெள்ளம் பார்த்தவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அந்த இரண்டு மாதமும் பாய்க்கடியில் இன்னொரு பாய் போடு, வேட்டி ஆளுக்கு மூன்று வைத்துக்கொள்.

ஒரு இரண்டு வயசுப் பெண் எதிலும் தூங்காமல் அழுதுகொண்டே இருந்தாள். அவள் பாட்டிதான் வழி சொன்னார்: அம்மா நேற்றுக் கட்டிய காட்டன் புடவையை, துவைக்காமல், மடித்து விரியுங்கள். சிரங்கு பட்ட பிறகு துவைக்காத துணி என்றாலே எனக்குப் பயம். இருந்தாலும் செய்தோம். முகத்தை அதில் வைத்து ஒரு பெருமூச்சு விட்டாள், அவ்வளவுதான், தூங்கிவிட்டாள்.

இனி சொல்லப்போவதற்காகத்தான் இதை எழுதவே உட்கார்ந்தேன்.

ஒரு மார்கழியில் ஏழு மாதக் குழந்தை ஒன்று எங்களிடம் வந்தது. குளிர்கிறதே என்று மெத்தென்று ரஜாயை மடித்து விரித்தேன். இலவம்பஞ்சு வாங்கி நானே ஒரு குட்டித் தலையணையும் தைத்தேன். என் பையன் 1988இல் பிறந்தபோது கடுகுத் தலையணையில்தான் வளர்ந்தான், எனக்கு வேறு எதுவும் தெரியாது. அன்று சமையலறையில் இருந்தேன். சத்தமே இல்லை என்று எட்டிப் பார்த்தால் குழந்தை குப்புற விழுந்திருக்கிறான், முகம் முழுக்கத் தலையணைக்குள். தூக்கினேன். உதடு ஒரு மாதிரி இருந்தது. இரண்டு நொடி கழித்துத்தான் வீறிட்டான். அந்த இரண்டு நொடியை இன்னும் நான் தூக்கத்தில் பார்க்கிறேன்.

மருத்துவர்கள் இதைப் பல வருடமாகச் சொல்லி வருகிறார்கள். குழந்தையை மல்லாக்கப் படுக்க வையுங்கள் என்று அமெரிக்காவில் 1994இல் பெரிய பிரசாரமே செய்தார்கள், அதன்பிறகு அங்கே தூக்கத்திலேயே இறந்துபோகும் குழந்தைகள் ஏறக்குறையப் பாதியாகக் குறைந்தார்கள். ஒரு வயசு வரை மல்லாக்கத்தான். அழுத்தினால் அமுங்காத, சமமான படுக்கை. தலையணை, ரஜாய், பொம்மை எதுவும் பக்கத்தில் கூடாது, தளர்ந்த போர்வையும் கூடாது. குளிர்ந்தால் கனமான சட்டை போடு. தூளியும் வேண்டாம். நாமெல்லாம் தூளியில் வளர்ந்தவர்கள்தான், கோபிக்காதீர்கள். ஆனால் அதில் கழுத்து வளைந்து தாடை நெஞ்சில் படும், மூச்சுக் குழல் மடங்கிவிடும். ஒரே ஆள் ஐந்தாறு பிள்ளைகளைப் பார்க்கிற இடத்தில் தூளியை யார் உட்கார்ந்து பார்ப்பது?

அன்று சாயங்காலம் அந்த அம்மாவிடம் சொல்லிவிட்டேன். தங்கை வேண்டாம் என்று கண்ணைக் காட்டினாள், குழந்தைக்குத்தான் ஒன்றும் ஆகவில்லையே என்று. எனக்கு மனசு கேட்கவில்லை. அந்தப் பெண் ஒரு வார்த்தை பேசவில்லை, பிள்ளையை வாங்கிக்கொண்டு போனாள். அடுத்த நாள் வரவில்லை. அதற்கடுத்த நாளும் இல்லை. மூன்றாம் நாள் வாசலில் வந்து நின்றாள், குழந்தையை என்னிடம் கொடுக்கவில்லை. "எங்க படுக்க வைப்பீங்கன்னு காட்டுங்க டீச்சர்" என்றாள். காட்டினேன். வெறும் பாய், இழுத்துக் கட்டிய ஒரு வேட்டித் துணி. குனிந்து உள்ளங்கையால் அழுத்திப் பார்த்தாள். பிறகுதான் கொடுத்தாள்.

ஆகையால் கண்ணு, அந்த ஆன்லைன் செட்டை வாங்காதே. ஞாயிற்றுக்கிழமை சேலையூர் பக்கம் வா. சார் வேட்டி ஒன்பது, நன்றாக நைந்தது, துவைத்து வைத்திருக்கிறேன். பையில் என்ன படம் வேண்டும் என்று மட்டும் முன்கூட்டிச் சொல். இப்போதெல்லாம் ஊசியில் நூல் கோர்க்க எனக்கு நேரம் பிடிக்கிறது.